உஷார்! ‘100% வேலை உறுதி’ நோட்டீஸ் ஒட்டும் சீசன் இது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று ராத்திரியே பசை வாளியோடு ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். பொழுது விடிந்து பார்த்தால் பஸ் ஸ்டாண்டுச் சுவர், மின்கம்பம், ஷேர் ஆட்டோவின் முதுகு, பூட்டிக் கிடக்கும் கடையின் ஷட்டர் எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ‘100% வேலை உறுதி’. கீழே ஒரு செல்போன் நம்பர். மெடிக்கல் கோடிங், ஏர்போர்ட் கிரவுண்ட் ஸ்டாஃப், ஃபயர் அண்ட் சேஃப்டி, கப்பல் வேலை, ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட். இப்போது புதுவரவாக ஏஐ. நிறுவனத்தின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விலாசம் பெரும்பாலும் இருக்காது.

வீட்டில் படித்து முடித்த பிள்ளை இருந்தால் இந்த இரண்டு மூன்று மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருங்கள். பணம் போவது ஒரு பக்கம். வயதில் ஒரு வருஷம் போகும், ஒரிஜினல் சர்டிபிகேட் போய் மாட்டிக்கொள்ளும், சில சமயம் பிள்ளையின் பெயரிலேயே ஒரு கடனும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதலில், அந்த நோட்டீஸே தப்பு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் கோச்சிங் சென்டர்களின் விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. நூறு சதவீதத் தேர்ச்சி, வேலை உத்தரவாதம் என்றெல்லாம் விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் இருக்கிறது. 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களை அது கட்டுப்படுத்தும். ஆணையம் டெல்லியில் இருக்கிறது, பசை வாளி உங்கள் தெருவில் இருக்கிறது. அதுதான் சிக்கல்.

உள்ளே போனால் என்ன நடக்கும்? கண்ணாடிக் கதவு, ஏசி அறை. சுவரில் ‘எங்கள் மாணவர்கள் பணிபுரியும் நிறுவனங்கள்’ என்று முப்பது கம்பெனிகளின் லோகோ. லோகோவைப் பிரிண்ட் எடுத்து ஒட்ட எந்தக் கம்பெனியின் அனுமதியும் தேவைப்படுவதில்லை. கவுன்சிலர் என்று ஒரு பெண் வந்து உட்காருவார். போன வருஷம் இதே கோர்ஸில் சேர்ந்து, வேலை கிடைக்காமல், கடைசியில் இங்கேயே ஆள் பிடிக்க உட்கார்ந்தவராகக்கூட அவர் இருக்கலாம். ஃபீஸ் 60,000 ரூபாய் என்பார். அப்பாவின் முகம் மாறும். உடனே அவர் குரலில் இன்னும் கொஞ்சம் கனிவு கூடும்.

“மொத்தமா கட்ட வேணாம்ப்பா. மாசம் 5,000 கட்டினாப் போதும், வட்டியே கிடையாது. தம்பி, உன் போனைக் குடு. ஆதார் நம்பர் சொல்லு. இப்ப ஒரு ஓடிபி வரும், அதையும் சொல்லிடு.”

ஒரு ஓடிபி வரும். பிறகு இன்னொன்று. பிறகு ஒரு செல்ஃபி. பத்தே நிமிஷம். மாதத் தவணையில் ஃபீஸ் கட்டுவதாக அப்பா நினைத்துக்கொண்டு வெளியே வருவார். உண்மையில் அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு நிதி நிறுவனம் 60,000 ரூபாய்க் கடனைப் பையன் பெயரிலோ அப்பா பெயரிலோ எழுதியாகிவிட்டது. கடன் தொகை நேராகப் பயிற்சி மையத்தின் கணக்குக்குப் போய்விடும். மூன்றாவது மாதம் டீச்சர் வராமல் போகலாம், ஐந்தாவது மாதம் மையத்தையே மூடிவிட்டுப் போகலாம். பயிற்சி நின்றாலும் தவணை நிற்காது. நிதி நிறுவனம் கேட்டால், “நாங்கள் கடன் கொடுத்தோம், கோர்ஸ் எங்களுடையது இல்லை” என்று கையை விரிக்கும். கட்டாமல் விட்டால் பையனின் சிபில் ஸ்கோர் விழும். இருபது வயதில் விழுந்த ஸ்கோர், நாளைக்கு அவன் ஒரு லோடு ஆட்டோ வாங்க லோன் கேட்டுப் போகும்போது குறுக்கே நிற்கும்.

இதற்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. வட்டி, கட்டணம், மொத்தமாகத் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை எல்லாம் அடங்கிய விவரத்தாளைக் கடன் கொடுப்பவர் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். போன் வழியாக எடுத்த கடனில் மனம் மாறினால், அபராதம் இல்லாமல் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டிவிட்டு விலகிக்கொள்ள அவகாசமும் உண்டு. ஆனால் அது ஒரே ஒரு நாளாகவும் இருக்கலாம். பணமோ அதற்குள் மையத்தின் கணக்கில் இருக்கும். ஆகவே ஓடிபி சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: “இது ஃபீஸ் தவணையா, லோனா? லோன் என்றால் கொடுப்பது யார்?” பதில் வருவதற்குள் கவுன்சிலர் மேனேஜரைக் கூப்பிடப் போனால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

தனியார் மையத்தைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அரசாங்கப் பணத்தில் நடந்த பயிற்சியின் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? 2022-க்குள் 50 கோடிப் பேருக்குத் திறன் பயிற்சி என்று 2009-ம் ஆண்டின் தேசியத் திறன் கொள்கை இலக்கு வைத்தது. 2015 ஜூலையில் பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனா வந்தது. அதன் இரண்டாம் கட்டத்தில் பயிற்சி மையத்துக்குப் பணம் கொடுத்த முறையைக் கவனியுங்கள். வகுப்பு தொடங்கினால் 30 சதவீதம். தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுத்தால் 50 சதவீதம். வேலை கிடைத்ததைக் காட்டினால் மிச்சம் 20 சதவீதம். ரூபாயில் எண்பது காசு ஏற்கெனவே பைக்குள் வந்துவிட்டால், மிச்ச இருபது காசுக்காக எந்த வியாபாரி கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவான்?

விளைவு என்ன என்று 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை சொல்கிறது. இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் பயிற்சி பெற்றதாகப் பதிவான சுமார் 96 லட்சம் பேரில் 94 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் வங்கிக் கணக்கு இருக்க வேண்டிய கட்டத்தில் பூஜ்யமோ வெற்றிடமோதான் இருந்தது. நிரப்பியிருந்த இடங்களிலும் ஒரே கணக்கு எண் பலர் பெயரில், வரிசையாக ஒன்று ஒன்றாக அடித்த எண்கள், பல பேருக்கு ஒரே போட்டோ. குறுகிய காலப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவர்களில் வேலை பெற்றவர்கள் 41 சதவீதம் என்பது அதே அறிக்கையின் கணக்கு. இத்தனைக்கும் இலக்கைத் துரத்தும் இந்தப் போக்கையும், பாடத்திட்டத்தையும் தேர்வையும் ஒரே அமைப்பின் கையில் கொடுத்ததையும் அரசே நியமித்த சாரதா பிரசாத் குழு 2016-லேயே கண்டித்துவிட்டது.

அந்தக் கண்டனத்துக்குப் பிறகு என்ன செய்தார்கள்? வேலை கிடைத்ததா என்று பார்க்கும் வேலையையே நிறுத்திவிட்டார்கள். நான்காம் கட்டத்தில், பயிற்சி பெற்றவர் தன் பாதையைத் தானே தேர்ந்துகொள்வார் என்பது கொள்கை. வேலைக் கணக்கு முந்திய மூன்று கட்டங்களோடு சரி. காய்ச்சல் ஏறுகிறது என்று தெர்மாமீட்டரைத் தூக்கி எறிந்த கதைதான்.

நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன பாடம்? நோட்டீஸில் ‘மத்திய அரசு அங்கீகாரம்’, ‘ஸ்கில் இந்தியா சான்றிதழ்’ என்று போட்டிருந்தால் அது பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. உண்மையாகவே இருக்கலாம். அங்கீகாரம் பாடத்துக்கும் தேர்வுக்கும் கிடைத்தது. வேலைக்கு அங்கீகாரம் கொடுக்கும் அலுவலகம் இந்தியாவில் எங்கும் கிடையாது.

பொருளாதாரம் நிலையாக நின்றிருந்தால் இந்த ஓட்டைகளைக்கூடச் சமாளித்துவிடலாம். அது நிற்கவில்லையே. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. உச்சத்தில் எட்டாயிரம் பேர் வேலை பார்த்த இடம். செல்போன் அசெம்பிளி லைனில் கை பழகிய பெண்கள், இருபத்தைந்து வயதைக்கூடத் தாண்டாதவர்கள், ஊருக்குத் திரும்பினார்கள். பிறகு அதே வட்டாரத்தில் செல்போன் தயாரிப்பு முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. நோக்கியாவின் இடத்திலேயே இன்று சார்ஜர் செய்கிறார்கள். ஆனால் புதிய ஆலைகள் வேலைக்கு எடுப்பது பள்ளியை விட்டுப் புதிதாக வெளியே வரும் பெண்களைத்தான். முப்பத்தைந்து வயதான பழைய நோக்கியா ஆபரேட்டரை, கை வேகம் அப்படியே இருந்தாலும், யாரும் தேடிப் போவதில்லை.

மறைமலைநகர் ஃபோர்டு இன்னொரு கதை. 2021 செப்டம்பரில் அறிவித்து 2022 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தினார்கள். சுமார் 2,600 தொழிலாளர்கள். இழப்பீட்டுக்கே மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அதே இடத்தில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் 2029 முதல் எஞ்சின் தயாரிக்கப் போவதாக 2025 அக்டோபரில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. நல்லது, வரட்டும். அதனால் கிடைக்கும் வேலை சுமார் 600 என்றார்கள். ஐடியிலும் இதே காற்றுதான். டிசிஎஸ் 2025-ல் தன் ஊழியர்களில் 2 சதவீதம், ஏறக்குறைய 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மேல்நிலைப் பொறுப்பில் இருந்தவர்கள். பதினைந்து வருஷ அனுபவம் ஒரு காப்பு என்று நம்பியிருந்த தலைமுறைக்கு அது ஓர் அடி.

சரி, வேலை போனவருக்கு அடுத்த தொழில் கற்றுக்கொடுக்கக் கொள்கையில் இடம் இருக்கிறதா? இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ‘மறுதிறன் நிதி’ என்று ஒன்று உண்டு. ஆட்குறைப்பில் வேலை இழந்த ஒவ்வொருவருக்காகவும் முதலாளி 15 நாள் சம்பளத்தை அந்த நிதியில் செலுத்த வேண்டும். 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. மாதம் 30,000 வாங்கியவருக்கு ஏறக்குறைய 15,000 ரூபாய் வரும். பெட்ரோல் எஞ்சினில் இருபது வருஷம் கை வைத்தவர் அந்த 15,000-ல் மின்வாகன பேட்டரித் தொழிலைக் கற்றுக்கொண்டு, கற்று முடிக்கும் வரை வீட்டு வாடகையும் கொடுத்து, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸும் கட்டிவிட வேண்டும்.

அந்தப் பதினைந்தாயிரமும் எல்லோருக்கும் இல்லை. காலக்கெடு வைத்த ஒப்பந்தத்தில் இருந்தவரின் ஒப்பந்தம் முடிந்தால் சட்டத்தின் கண்ணில் அது ஆட்குறைப்பு ஆகாது. ‘விருப்ப ஓய்வு’ என்று எழுதிக்கொடுத்தவருக்கும் அதே கதி. ஹெச்ஆர் அறையில் உட்கார வைத்து, “நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, ரெக்கார்டு கிளீனா இருக்கும்” என்று தேனொழுகப் பேசினால் எந்த ரெக்கார்டு, யாருடைய ரெக்கார்டு என்று ஒரு ராத்திரி யோசியுங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அடுத்த எச்சரிக்கை கம்பெனி வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டவர்களுக்கு. ஒரகடம் பக்கம் விடியற்காலை ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே தூக்கக் கலக்கம். உள்ளே போனதும் செய்வதும் ஒரே வேலையாக இருக்கலாம். ஐடி கார்டில்தான் வித்தியாசம்: பர்மனென்ட், சிஎல் (ஒப்பந்தத் தொழிலாளி), டிரெய்னி, அப்ரண்டிஸ். கடைசி இரண்டு பெயர்களில்தான் இருக்கிறது சூட்சுமம். 1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்தவர் ‘தொழிலாளி’ ஆக மாட்டார். பிஎஃப் கிடையாது, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் முதலாளிக்குக் கிடையாது. 2019-ல் திருத்திய விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று நிர்ணயித்தார்கள். இந்தப் பெயரில் ஆள் எடுத்தால் கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய கதையே இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கிராமத்துப் பெண் பிள்ளைகளை ‘பயிற்சியாளர்’ என்று சேர்த்து, ஆலை ஹாஸ்டலில் வைத்து, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்றார்கள். இடையில் உடம்பு முடியாமல் வீடு திரும்பியவர்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவே இல்லை. ஸ்பிண்டில் ஓட்டக் கற்றுக்கொள்ள மூன்று வருஷமா என்று அன்று கேட்டவர்கள் குறைவு. பிறகு ‘நீம்’ என்று ஒரு திட்டம் 2013-ல் வந்தது. பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தம் எதுவும் இல்லாமல் டிரெய்னிகளைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பி வைக்க ஏஜென்ட்டுகள் முளைத்தார்கள். அதையும் கடைசியில் கைவிட்டார்கள்.

அதற்காக அப்ரண்டிஸ்ஷிப்பே வேண்டாம் என்று ஓடாதீர்கள். முறையாக நடந்தால் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலும் பெரம்பூர் ஐசிஎஃப்பிலும் அப்படித் தொழில் கற்றுக்கொண்டு தலையெடுத்த குடும்பங்கள் ஆயிரம். முறையாக நடக்கிறதா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் உதவித்தொகையில் அரசின் பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய், நேராக உங்கள் கணக்குக்கு வரும். வரவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். தனி அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் போடச் சொல்லக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. மொத்த ஆள்பலத்தில் 15 சதவீதத்துக்கு மேல் அப்ரண்டிஸ் வைக்கவும் கூடாது. ஒரு லைனில் நாற்பது பேர் நின்று முப்பது பேர் அப்ரண்டிஸ் என்றால் அங்கே பயிற்சி நடக்கவில்லை, உற்பத்தி நடக்கிறது.

ஐடி கம்பெனி டிரெய்னிகளும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் தன் மைசூரு வளாகத்தில் 300-க்கும் மேற்பட்ட டிரெய்னிகளை உள்தேர்வில் தேறவில்லை என்று ஒரேயடியாக அனுப்பியது. அவர்களில் பலர் 2022-லேயே ஆஃபர் லெட்டர் வாங்கி, இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, 2024 கடைசியில்தான் உள்ளே போனவர்கள். ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது என்று வேறு இன்டர்வியூவுக்குப் போகாமல் வீட்டில் உட்கார வேண்டாம். வேலையில் சேரும் வரை தேடிக்கொண்டே இருங்கள்; சேர்ந்த பிறகும் ஒரு கண் வெளியே இருக்கட்டும்.

வேலையில் சேரும்போது எழுதி வாங்கும் பாண்டு விஷயத்தில் வாட்ஸப் வக்கீல்களை நம்பாதீர்கள். “பாண்டு எல்லாம் கோர்ட்ல நிக்காதுடா” என்று நண்பன் சொல்வான். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே சொல்லியிருக்கிறது. எல்லா பாண்டும் செல்லும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. தொகையும் காலமும் நியாயமானதா, அவர்கள் உண்மையில் செலவு செய்தார்களா என்று ஒவ்வொரு வழக்கிலும் பார்ப்பார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற காலம் இல்லை. ஒரிஜினல் சர்டிபிகேட் கதை வேறு. கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை, அதைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. சரிபார்க்கக் காட்டுங்கள். காட்டிய கையோடு திரும்ப வாங்கிப் பைக்குள் வையுங்கள். “வெரிஃபிகேஷன் முடியற வரைக்கும் இங்க இருக்கட்டும்” என்றால் ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

சில தொழில்களில் உள்ளே நுழைய ஒரே வாசல்தான் இருக்கிறது. அந்த வாசலின் சாவி வைத்திருப்பவர் யார் என்று தெரிந்தால் பாதி மோசடி அங்கேயே அடிபட்டுப்போகும். கப்பலில் ஜிபி ரேட்டிங் என்ற மாலுமி வேலைக்குக் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகம் அனுமதித்த பயிற்சிக் கழகத்தில் படித்திருக்க வேண்டும். மும்பையில் ஓர் அறையில் மூன்று வாரம் உட்கார வைத்துக் கொடுக்கும் காகிதம் துறைமுக கேட்டைக்கூடத் தாண்டாது. நர்ஸாக வேலை பார்க்க நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். ஆறு மாத ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ சான்றிதழுக்கு அந்தப் பதிவு கிடைக்காது. ட்ரோன் ஓட்டும் சான்றிதழை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி பெற்ற பள்ளிகள் வழியாகத்தான் வாங்க முடியும். ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ முடித்தால் தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர் என்கிறார்களே, அந்தப் பதவிக்கு அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ வேண்டும். சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனமே அந்த டிப்ளமோவை நடத்துகிறது. முதலில் அங்கே விசாரித்துவிட்டு வந்து மற்ற கண்ணாடிக் கதவுகளைத் தட்டுங்கள்.

வெளிநாட்டு வேலை என்றால் இரண்டு மடங்கு உஷார். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். மூன்று லட்சம் கேட்டால் அவர் ஏஜென்ட் இல்லை. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், டூரிஸ்ட் விசாவில் போய்விட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் பேச்சையே வளர்க்காதீர்கள். அப்படிப் போன தமிழ்நாட்டுப் பையன்களை 2022-ல் மியான்மரின் மியாவடியிலிருந்து மீட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் வேலை என்று போனவர்களைத் துப்பாக்கிக் காவலில் உட்கார வைத்து, முன்பின் தெரியாதவர்களை ஆன்லைனில் ஏமாற்றும் வேலையைச் செய்ய வைத்தார்கள்.

60,000 ரூபாயைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் ஒருமுறை பக்கத்து அரசு ஐடிஐ வரை நடந்துவிட்டு வாருங்கள். அங்கே பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் சேரும். 71 அரசு ஐடிஐக்களில் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் ரோபாட்டிக்ஸ், சிஎன்சி, மின்வாகனப் பயிற்சிக்கூடங்கள் வந்திருக்கின்றன. மெஷின் மட்டும் வந்து அதை இயக்கத் தெரிந்த ஆசிரியர் இல்லாத இடமும் இருக்கலாம். ஆகவே சேரும் முன் பயிற்சிக்கூடத்துக்குள் போய், மெஷின் மேல் தூசி இருக்கிறதா எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் இருந்தால் நல்ல சகுனம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் என்றால் பதிவைப் புதுப்பிக்க மட்டும் என்று நினைக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் அங்கே நடக்கும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. வருகிற கம்பெனிகள் சின்னவை என்று முகம் சுளிப்பவர்கள், பெரிய கம்பெனி லோகோ ஒட்டிய சுவரின் விலை எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் பார்க்கட்டும்.

எந்தப் பயிற்சி மையத்திலும் ஒரே ஒரு சோதனை போதும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். போன வருஷம் படித்து வேலைக்குப் போன ஐந்து பேரின் பிஎஃப் பாஸ்புக்கைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து பிஎஃப் கட்டப்பட்டிருந்தால் அது வேலை. ஆஃபர் லெட்டர், மாலை போட்ட போட்டோ, கை குலுக்கும் வீடியோ எதுவும் வேலை ஆகாது. இதே சோதனையை அரசும் வைக்கலாம். பயிற்சி மையத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை ஆறு மாத பிஎஃப் பதிவைப் பார்த்த பிறகுதான் விடுவிப்பேன் என்று ஓர் உத்தரவு போட்டால் போதும். தகவல் அரசின் கையிலேயே இருக்கிறது, ஆதாரோடு இணைந்தும் இருக்கிறது. ஏன் செய்யவில்லை என்று உங்கள் எம்பி ஓட்டுக் கேட்டு வரும்போது கேளுங்கள். அரசின் கணக்கு தரையில் பொய்த்ததற்கு இன்னோர் உதாரணம்: பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தின் முதல் சுற்றில் 82,000 பேருக்கு அழைப்பு அனுப்பியும் போய்ச் சேர்ந்தவர்கள் 9,000-ஐத் தொடவில்லை. மாதம் 5,000 ரூபாயில் வெளியூரில் வாடகை கொடுத்துச் சாப்பிட்டு வாழ முடியாது என்று அந்தப் பிள்ளைகளுக்குப் புரிந்தது, திட்டம் போட்டவர்களுக்குப் புரியவில்லை.

ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டாம். நோட்டீஸைப் போட்டோ எடுத்து வையுங்கள், வாட்ஸப் பேச்சை அழிக்காதீர்கள், ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பல மையங்கள் ரசீதில் ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று மட்டும் போடும், வேலை என்ற பேச்சே இருக்காது. ஆன்லைனில் பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே அடியுங்கள். சில மணி நேரம் தாமதித்தால்கூடப் பணம் கை மாறிவிடும். கடன் பிரச்சினை என்றால் முதலில் நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். பயிற்சி மையத்தின் மேல் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல் புகார் பதியலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். “அடுத்த மாசம் உனக்கு இன்டர்வியூ இருக்கு தம்பி, கொஞ்சம் பொறு” என்று அவர்கள் போனில் இழுத்தடிப்பது அந்தக் கெடு தெரிந்துதான்.